ஆறை அமுக்கினால் ஐந்து!

டெலிபோன் அலறியது.

மூன்று முறை அலறவிட்டுத்தான் இன்ஸ்பெக்டர் கையை நீட்டினார். இருபத்தேழு வருட சர்வீஸில் அந்தக் கறுப்புக் கருவி அவருக்கு ஒரு நல்ல சேதியும் சொன்னதில்லை.

"ஸ்டேஷன்."

"சார், மார்ச்சுவரிலேர்ந்து பேசறேன். ஞாயித்துக்கிழமை வந்த அந்தம்மா பாடி... ரிப்போர்ட் ஆயிடுச்சு. புருஷன்காரர் நாலு மணிக்கு வந்து வாங்கிக்கறாராம். நேரா மின் மயானம்தானாம்."

"ரிப்போர்ட் என்ன சொல்லுது?"

"தற்கொலை சார். தூக்கு."

மின்விசிறி சுற்றியது. ஒரு ஈ மேஜையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நடந்து போனது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார்... லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்யா. வேற எங்க போறது?"

வைத்தார்.

மணி ஒன்று இருபது.

வாசல் பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். இறந்தவளின் அக்கா. மூன்று நாளாக அதே பெஞ்ச், அதே மூலை. மடியில் தங்கையின் பெண்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஐந்து வயது. ஒரு காலில்தான் செருப்பு.

அவர் முகத்தைப் பார்த்தாள். அதுவே போதுமானதாக இருந்தது.

"தூக்குன்னு எழுதிட்டாங்களா சார்?"

"ம்."

"நாலு மணிக்கு அவளை எரிச்சிட்டு, நேரா வந்து பாப்பாவைக் கூட்டிக்கிட்டுப் போயிடுவேன்னு சொல்லியிருக்கான். அப்பன்காரன். நான் யாரு தடுக்க?"

இன்ஸ்பெக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அவளோட கழுத்தை நீங்களும்தானே பார்த்தீங்க?" என்றாள் அவள்.

பார்த்தார். ஞாயிறு மதியம், அந்த வீட்டின் படுக்கையறைத் தரையில். கயிற்றின் தடத்துக்குக் கீழே, பிறை பிறையாக... இடப்பக்கம் நாலு. வலப்பக்கம் ஒன்று.

கயிற்றுக்கு நகம் கிடையாது!

"ஏட்டு!"

"சார்?"

"ஜீப்பை எடு."

"சாப்பாடு சார்...?"

"அது எங்கயும் ஓடிப்போகாது."

"என் பசியும்தான் சார்," என்று முணுமுணுத்துக்கொண்டே ஏட்டு சாவியை எடுத்தார்.

* * *

பிணவறைக்குப் பின்னால் டாக்டரின் அறை. மருந்து நாற்றம் சுவரிலேயே ஊறிப்போயிருந்தது.

மூலையில் ஒரு புதுக் கம்ப்யூட்டர், அட்டைப்பெட்டியைப் பிரிக்காமலே கிடந்தது. அதன் மேல் ஃபைல்கள். ஃபைல்களின் மேல் ஒரு குடை.

மேஜை மேல் பழையது. கறுப்புத் திரை, அதில் துருப்பிடித்த மஞ்சளில் எழுத்துகள். மவுஸ் கிடையாது. படம் கிடையாது. எழுத மட்டுமே தெரிந்த மெஷின். பக்கத்தில் பெட்டி பெட்டியாக ஃப்ளாப்பிகள்.

டாக்டர் நிமிர்ந்தார். அறுபத்தைந்து வயது. சோடாபுட்டிக் கண்ணாடி. ரிட்டயரான பிறகும் வேறு ஆள் கிடைக்காமல் இவரையே இழுத்துப் பிடித்து வைத்திருந்தார்கள்.

"இன்ஸ்பெக்டரா? குரலைக் கொடுங்க. எல்லாரும் எனக்கு மூடுபனி மாதிரிதான் தெரியறீங்க."

"ரெண்டு கண்லயும் புரையா டாக்டர்?"

"ரெண்டுலயும். ஆபரேஷனுக்குத் தேதி கேட்டா, செத்தவன்லாம் க்யூல நிக்கறான், நீ எங்க போறேங்கறாங்க. உக்காருங்க."

உட்கார்ந்தார். எழுந்திருக்க வேண்டுமே என்று உடனே அலுப்பாக இருந்தது.

"ஞாயித்துக்கிழமை கேஸ் டாக்டர். தூக்குன்னு கொடுத்திருக்கீங்க."

"கொடுத்திருந்தா தூக்குதான்."

"நான் கழுத்துல நகக்குறி பார்த்தேன்."

"நீங்க டாக்டரா?"

"இல்ல. ஆனா எனக்குக் கண்ணு தெரியுது."

ஏட்டு இருமினார். டாக்டர் சிரித்துவிட்டார்.

"கோவிச்சுக்காதீங்க. திங்கக்கிழமை மட்டும் ஆறு பாடி. ஒவ்வொண்ணையும் அறுத்துப் பார்த்து, கையைக் கழுவிட்டு, இங்க வந்து உக்காந்து தட்டிடுவேன். எனக்கு விரல்தான் கண்ணு."

"தட்டினதைப் படிச்சுப் பார்ப்பீங்களா?"

"எப்படிய்யா படிக்கறது? பிரிண்ட் எடுப்பேன், கையெழுத்துப் போடுவேன். அவ்ளோதான். பன்னண்டு வருஷமா தப்பினதில்ல. இங்க பாருங்க, ஏன்னு காட்டறேன்."

திரையின் ஓரத்தில் பழுத்த ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பெரிய பெரிய எழுத்தில் ஒரு பட்டியல்.

ஒன்று: வெளிக்காயம் இல்லை.
இரண்டு: நீரில் மூழ்கி.
மூன்று: விஷம்.
நான்கு: தீ.
ஐந்து: தூக்கு.
ஆறு: கையால் நெரித்து.

ஏட்டு வாய்விட்டுப் படித்தார். "மெனு கார்டு மாதிரி இருக்கே சார்!"

"பழைய சாஃப்ட்வேர்ல இதான் வசதி," என்றார் டாக்டர். "கீபோர்டை நம்ம இஷ்டத்துக்கு அமைச்சுக்கலாம். ஆல்ட்டைப் பிடிச்சுக்கிட்டு நம்பரை அமுக்கினா, அதுக்குன்னு நான் எழுதி வெச்ச பத்தி முழுசா வந்து விழும். எந்த எலும்பு, எந்த ரத்தக்கட்டு, எல்லாம். அளவை மட்டும் நிரப்பினா போதும்."

"நம்ம ஸ்டேஷன் மெஷின்லயும் அப்படி ஒரு பட்டன் வெச்சிருக்கேன் சார்," என்றார் ஏட்டு பெருமையாக. "பத்து வருஷமா..."

"தெரியும். வாயை மூடு," என்றார் இன்ஸ்பெக்டர். பிறகு மெதுவாக, "டாக்டர், ஆறை அமுக்கிக் காட்டுங்க."

டாக்டரின் விரல்கள் பார்க்காமலே போய் உட்கார்ந்தன.

மஞ்சள் எழுத்துகள் வரிசை வரிசையாகக் கொட்டின.

இன்ஸ்பெக்டர் குனிந்து படித்தார். ஒரு முறை. இன்னொரு முறை.

"என்ன வந்திருக்கு?" என்றார் டாக்டர்.

"'கயிற்றின் தடம் கழுத்தைச் சுற்றிச் சாய்வாக மேல்நோக்கிச் செல்கிறது. தூக்கிட்டுக்கொண்டதால் நேர்ந்த மரணம்.'"

"அது அஞ்சுய்யா!"

"ஆறை அமுக்கினா அஞ்சுதான் வருது டாக்டர்."

டாக்டரின் முகம் வெளுத்தது!

"யாரோ... யாரோ என் கீபோர்டுல கை வெச்சிருக்காங்க!"

"அப்போ அந்தம்மா கேஸ்ல ஆறைத்தான் அமுக்கினீங்களா?"

வெளியே ஸ்ட்ரெச்சரின் சக்கரம் ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டே கடந்து போனது.

"ஞாபகம் இல்ல," என்றார் டாக்டர். "ஆறு பாடி இன்ஸ்பெக்டர். எதுக்கு எதை அமுக்கினேன்னு எப்படிச் சொல்றது? கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டை என் இஷ்டத்துக்குத் திருத்தவும் முடியாது. மறுபரிசோதனைக்கு மாஜிஸ்திரேட் உத்தரவு வாங்கிட்டு வாங்க. செய்யறேன்."

"அதுக்கு நாளைக்கு ஆயிடும். நாலு மணிக்கு எரிச்சிடுவாங்க."

"நான் என்னய்யா பண்ணட்டும்?"

"கடைசியா யாரு இந்த மெஷினைத் தொட்டது?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து என்ன பயன் என்று இன்ஸ்பெக்டருக்குத் தோன்றியது.

"மெக்கானிக். ஃப்ளாப்பின்னு கூப்பிடுவோம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்தான்."

ஏட்டு ஏற்கெனவே வாசலில் இருந்தார்.

* * *

இரண்டு ஐம்பதுக்கு ஃப்ளாப்பி வந்து சேர்ந்தான். நாற்பது வயது, வழுக்கை, தோளில் ஒரு பை. பயத்தில் பையை விடாமல் கட்டிப் பிடித்திருந்தான்.

"சார், நான் செத்த மெஷினைத்தான் பார்ப்பேன். செத்த ஆளுங்க விஷயம் எனக்கு ஆகாது சார்!"

"இந்தப் பட்டனை மாத்தினது யாரு?"

ஃப்ளாப்பி உட்கார்ந்தான். தட்டினான். திரையில் கோப்புகளின் பட்டியல் ஓடியது.

"எல்லாப் பட்டனோட அமைப்பும் இந்த ஒரே ஃபைல்லதான் சார் இருக்கும். பட்டனைச் சொல்லி, பத்தியைக் கொடுத்து, சேமிச்சா முடிஞ்சுது. ரெண்டு நிமிஷ வேலை. இதோ, கடைசியா மாத்தின தேதி..." அவன் குரல் இறங்கியது. "ஞாயிறு... சாயங்காலம் அஞ்சு நாப்பது."

"அப்போ நீ எங்க இருந்தே?"

"இங்கதான் சார்," என்றான் அழாத குறையாக. "கடிகாரமும் தப்பாக் காட்டாது சார். பேட்டரியை நானே போன மாசம்தான் மாத்தினேன்."

"தூக்குக் கயித்தைத் தானே திரிச்சுக்கறான் பாருங்க சார்!" என்றார் ஏட்டு.

"சார், சத்தியமா நான் இல்ல! பட்டன் ஒட்டுது, உடனே வான்னு டாக்டர்தான் கூப்பிட்டார். ஞாயித்துக்கிழமை சார், பொண்டாட்டி திட்டத் திட்ட வந்தேன். பட்டனெல்லாம் கழட்டித் துடைச்சு மாட்டினேன். கையெல்லாம் அழுக்கு. குழாய்க்குப் போய்க் கழுவிட்டு வந்தேன். எனக்கு எதுக்கு சார் இதெல்லாம்? அந்தம்மா யாருன்னே தெரியாது. அவங்க புருஷனைத்தான் தெரியும்!"

இன்ஸ்பெக்டரின் தலை மெதுவாகத் திரும்பியது.

"எப்படித் தெரியும்?"

"எட்டு வருஷம் முன்னாடி வரைக்கும் இங்கதானே சார் கிளார்க்கா இருந்தார். இதே நாற்காலி!"

ஏட்டு ஃப்ளாப்பியை விட்டுவிட்டு டாக்டரைப் பார்த்தார்.

"டாக்டர்," என்றார் இன்ஸ்பெக்டர். "நீங்க சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கலையே," என்றார் டாக்டர். "அவனுக்கும் இந்தப் பட்டனெல்லாம் அத்துப்படி. அவனே வந்து மாத்தியிருக்கலாம்!"

"முடியாது. ஞாயித்துக்கிழமை நாலு மணியிலேர்ந்து ஒம்பது வரைக்கும் என் எதிர்ல உக்காந்து வாக்குமூலம் கொடுத்தான். பெண்டாட்டி செத்த அன்னிக்கு அஞ்சு மணி நேரத்துல மூணு தடவை டீ கேட்டான். அதனாலயே ஞாபகம் இருக்கு."

ஏட்டு விலங்கை எடுத்தார். "அப்போ ஃப்ளாப்பிதான் சார். அவன் சொல்லி இவன் மாத்தியிருக்கான்!"

"ஐயோ சார்!"

இன்ஸ்பெக்டர் ஜன்னலுக்குப் போய் நின்றார். வெளியே ஒரு சுவர். சுவருக்கு அப்பால் இன்னொரு சுவர். களைப்பாக இருந்தது. உடம்பின் களைப்பு இல்லை. ஒரே பொய்யை வெவ்வேறு முகங்களில் பார்த்துப் பார்த்து வந்த களைப்பு.

மணி மூன்று இருபது.

"ஃப்ளாப்பி."

"சார்...?"

"திங்கக்கிழமை அடிச்ச ஆறு ரிப்போர்ட்டையும் பிரிண்ட் எடு."

"எதுக்கு?" என்றார் டாக்டர். கொஞ்சம் வேகமாகவே கேட்டார்.

"பட்டன் கெட்டிருந்தா மத்ததும் கெட்டிருக்குமே. இன்னும் யாரு வீட்டுல தப்பான காகிதம் போயிருக்கோ?"

பிரிண்டர் கரகரவென்று ஊளையிட்டது. காகிதம் மடிப்பு மடிப்பாக வந்து விழுந்தது.

இன்ஸ்பெக்டர் படித்தார். ஒவ்வொரு வரியாக. விபத்து. விஷம். நீர். அந்தம்மாவின் ரிப்போர்ட், காலை பதினொன்று. மாரடைப்பு.

ஆறாவது, மதியம் மூன்று மணி. ஒரு கிடங்கு வாட்ச்மேன். வேறு ஸ்டேஷன் கேஸ்.

அங்கே நின்றார்.

படித்தார். திரும்பவும் படித்தார். பிறகு காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு திரையோரத்துப் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார்," என்றார் ஏட்டு தாங்க முடியாமல். "மணி மூணு முப்பத்தஞ்சு..."

"டாக்டர், இந்த வாட்ச்மேன் எப்படிச் செத்தான்?"

டாக்டரின் விரல்கள் மேஜை மேல் அசைந்தன. அசைந்து நின்றன.

"யாரோ... கழுத்தை நெரிச்சு..."

"கையால. ரிப்போர்ட்டும் அதையேதான் சொல்லுது. சுத்தமா, சரியா! 'வலது கட்டைவிரலின் தடம் மற்றவற்றை விட ஆழமாக உள்ளது. இறந்தவர் கடைசி வரை போராடியிருக்கிறார்.' இது உங்க பட்டன்ல இருக்கற பத்தி இல்ல. வார்த்தை வார்த்தையா நீங்களே அடிச்சது."

"அதனால என்ன?"

"பட்டன் மாறினது ஞாயிறு சாயங்காலம். இப்ப வரைக்கும் திருத்தலை. நாமளே பார்த்தோம், ஆறை அமுக்கினா அஞ்சு. பன்னண்டு வருஷமா விரலை நம்பற ஆளு நீங்க. பட்டன் மாறினது உங்களுக்குத் தெரியலைன்னா, வாட்ச்மேனும் தூக்குலதான் தொங்கியிருக்கணும்!"

டாக்டர் வாயைத் திறந்தார்.

"வந்ததும் கவனிச்சேன்னு சொல்லாதீங்க. கவனிச்சிருந்தா பட்டனைத் திருத்தியிருப்பீங்க. காலைல கொடுத்த அந்தம்மா ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கியிருப்பீங்க. ரெண்டும் செய்யலை. ஆறைத் தொடக்கூடாதுன்னு தெரிஞ்சுதான் கையால அடிச்சிருக்கீங்க. அது தெரிஞ்ச ஆளு ஒருத்தர்தான் இருக்க முடியும். மாத்தினவர்!"

ஃப்ளாப்பி பையை மெல்லக் கீழே வைத்தான்.

"பிடிபட்டா பழியைப் போட ஒரு ஆளு வேணும்னுதான் ஞாயித்துக்கிழமைன்னு கூடப் பார்க்காம இவனைக் கூப்பிட்டீங்க. இவன் கை கழுவப் போன நேரம் உங்களுக்குப் போதும்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். அந்தக் கண்கள் வெள்ளையாக, வயசான மீனின் கண் மாதிரி இருந்தன.

"வாட்ச்மேனையும் தூக்குன்னே விட்டிருந்தா தப்பிச்சிருப்பேன். இல்ல?" என்றார்.

"தப்பிச்சிருப்பீங்க. கெட்டுப்போன மெஷின்னு நானும் நம்பிட்டுப் போயிருப்பேன்."

"மனசு வரலை. காலைல ஒருத்திக்குத் துரோகம் பண்ணிட்டு, மதியம் ஒருத்தனுக்குமா...? அவனுக்காவது உள்ளதை எழுதலாம்னு தோணுச்சு."

"உங்க ஒரே நல்ல ரிப்போர்ட்தான் டாக்டர் உங்களைக் கவுத்திடுச்சு."

ஏட்டு கூடச் சிரிக்கவில்லை.

"ஏன் செஞ்சீங்க?"

"அவ செத்த உடனே அவ புருஷன் எனக்குப் போன் பண்ணினான். எட்டு வருஷமா வெச்சிருந்ததை வெளிய எடுத்துடுவேன்னு மிரட்டினான்." டாக்டரின் குரல் தேய்ந்தது. "அப்போல்லாம் அறுக்கும்போதே பென்சில்ல குறிப்பு எழுதுவேன். ஒரு கேஸ். நிஜமாவே தூக்கு. குறிப்புலயும் தூக்குன்னுதான் எழுதினேன். ஆனா அடிக்கும்போது விரல் நழுவிடுச்சு. அஞ்சுக்குப் பதிலா ஆறு! படிக்காம கையெழுத்துப் போட்டேன். பொண்டாட்டியை நெரிச்சுக் கொன்னான்னு ஒருத்தன் ஜெயிலுக்குப் போயிட்டான். குறிப்பும் ரிப்போர்ட்டும் ஒத்துவரலைங்கறதை, அப்போ கிளார்க்கா இருந்த இந்தப் பயதான் கண்டுபிடிச்சான். குறிப்பை எடுத்து வெச்சுக்கிட்டான். நான்... சொல்லலை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு... ஆயுள் தண்டனை ஆயிடுச்சு."

"யாரு அது?"

"ஒரு லாரி டிரைவர்."

இன்ஸ்பெக்டர் எழுந்தார். எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார்.

லாரி டிரைவர்! மூன்று ராத்திரி லாக்கப்பில் ஒரே வாக்கியத்தைச் சொன்னவன். 'நான் அவளைத் தொடலை சார்.' அதையே அழுதான், அதையே கத்தினான், கடைசியில் அதையே சுவரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அந்தக் கேஸுக்குக் கிடைத்த மெடல் வீட்டு அலமாரியில் இருக்கிறது. மனைவி வாரம் ஒருமுறை தூசி தட்டுகிறாள்.

"அவனைப் பிடிச்சது நான்தான் டாக்டர்."

"தெரியும். நீங்களாவது அந்த ரிப்போர்ட்டை ஒழுங்காப் படிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"நானும் படிக்கலை. கீழே உங்க கையெழுத்து இருந்துச்சு. போதும்னு விட்டுட்டேன்."

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். படிக்காத இரண்டு பேர்.

மூன்று நாற்பத்தெட்டு!

இன்ஸ்பெக்டர் மேஜை மேலிருந்த போனை எடுத்தார்.

"மார்ச்சுவரியா? ஞாயித்துக்கிழமை பாடியை யாருக்கும் கொடுக்காதே. டாக்டரே எழுதித் தரார், ரிப்போர்ட் வாபஸ். புருஷன்காரர் வந்தா உக்கார வை. அவருக்கு டீன்னா உசிரு... வாங்கிக் கொடு. நான் வர்ற வரைக்கும் குடிக்கட்டும்!"

* * *

ஐந்தரை மணிக்கு ஸ்டேஷனில் இரண்டு பேர் உள்ளே இருந்தார்கள். புருஷனின் வலது கையில் மட்டும் ஐந்து நகங்களும் புதிதாக, ஒட்ட வெட்டப்பட்டிருந்தன. அவன் இந்த முறை டீ கேட்கவில்லை.

பெஞ்சில் பாப்பா விழித்திருந்தது.

"சார்," என்றாள் அக்கா. பாப்பாவை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

"கூட்டிக்கிட்டுப் போம்மா. யாரும் வரமாட்டாங்க," என்றார் இன்ஸ்பெக்டர். பிறகு குனிந்து பெஞ்சுக்கு அடியில் கையை விட்டு, மூன்று நாளாக அங்கேயே கிடந்த மற்றொரு குட்டிச் செருப்பை எடுத்துக் கொடுத்தார்.

அவர்கள் தெருத் திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

உள்ளே வந்து நாற்காலியில் சாய்ந்தார்.

"ஏட்டு, ரெண்டு காகிதம் அடிக்கணும். ஒண்ணு, டாக்டரோட வாக்குமூலம். இன்னொண்ணு, அந்த லாரி டிரைவர் கேஸை மறுபடி திறக்கச் சொல்லிக் கோர்ட்டுக்கு."

"ரெண்டாவது அடிச்சா... உங்க மெடலு சார்?"

"இரும்புக்கடையில எடைக்குப் போடலாம். டாக்டர்லேர்ந்து ஆரம்பி."

ஏட்டு மெஷின் முன் உட்கார்ந்தார். பெயர், வயது, முகவரி எல்லாம் தட்டினார். பிறகு வழக்கம்போல ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு ஒன்பதை அமுக்கினார். பத்து வருடமாக இந்த ஸ்டேஷனின் ஒவ்வொரு வாக்குமூலத்திலும் விழுந்த அந்த ஒரே பத்தி வந்து விழுந்தது. லாரி டிரைவரின் வாக்குமூலத்திலும் அதுதான்.

'எவ்வித மிரட்டலோ வற்புறுத்தலோ இன்றி, குற்றம் சாட்டப்பட்டவர் தாமாகவே முன்வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டார்.'

"படி," என்றார் இன்ஸ்பெக்டர் கண்ணை மூடியபடி. "இனிமே எதையும் படிக்காம கையெழுத்துப் போடறதா இல்ல."

ஏட்டு படித்தார். படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"சார்... பத்து வருஷத்துல இந்தப் பட்டன் உண்மை பேசறது இதான் முதல் தடவை!"